வெளிநாட்டு மருத்துவப் படிப்பு: புறப்படுமுன் எழுதவேண்டிய கணக்கு

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மஃரிபுக்குப் பின் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அக்கரப்பத்தனை பஸாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒருவர், மகளையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார். மகள் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. அவர் கையிலிருந்த பொலித்தீன் பைக்குள் நனையாமல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவரை அனுப்பும் ஓர் ஏஜென்சி கொடுத்த வண்ணக் காகிதம். மற்றது, கடையின் உறுதி.

"சேர், மகளுக்கு டொக்டருக்குப் படிக்கத்தான் ஆச. இங்க கெம்பஸ் கொஞ்சத்துல தவறிப் போச்சு. இவங்க எழுபத்திரண்டு லட்சம் எண்டு சொல்றாங்க. கடைய வெச்சா வங்கியில தருவாங்களாம். சரியா வருமா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன். புணர்ச்சி விதியில் ஐயமென்றால் உடனே சொல்லியிருப்பேன். கடன் கணக்கு என் பாடமல்ல. ஆனாலும் அன்று அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு எங்கள் பகுதியிலிருந்து ஒரு மாணவன் இதேபோல மருத்துவம் படிக்கப் புறப்பட்டான். ஊரே கூடி வழியனுப்பியது. மேடையில் நின்று வாழ்த்துரை சொன்னது நான். மூன்றாம் ஆண்டில், 2022இல், அவன் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். பணம் அனுப்ப முடியவில்லை. கடன் மட்டும் இன்னமும் இருக்கிறது. அன்று அந்த மேடையிலிருந்த எவரும் ஒரு கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

ஆகவே, "உள்ளுக்கு வாங்க நானா" என்று சொல்லி, ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தேன். அன்றும் அதன் பின்னரும் விசாரித்து நாங்கள் எழுதிய கணக்கைத்தான் இங்கே விளக்குகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல வாப்பாமார் இருக்கக்கூடும்.

ஏன் வெளியே போகிறார்கள்?

இலங்கையில் அரச பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்குக் கட்டணமில்லை. தகுதியானவருக்கு மகாபொல உதவியும் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு. பிள்ளைகள் இஸட் புள்ளியின்படி தெரிவாகிறார்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என இடங்கள் பிரிக்கப்படுகின்றன. நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. அப்படியிருந்தும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது கடினம். உயிரியல் பிரிவுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலையைத் தேடி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போகவேண்டியிருக்கிறது. டயகமவிலிருந்தோ ஹோல்புரூக்கிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடிக்கும் பிள்ளை, கொழும்புப் பிள்ளையின் அதே வினாத்தாளைத்தான் எழுதுகிறது.

உள்நாட்டில் காசு கொடுத்துப் படிக்கலாம் என்று மாலபேயில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி எழுந்தது. நீண்ட போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பின் அது நிறுத்தப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டார்கள். அதனால், சில புள்ளிகளால் தவறிய பிள்ளையின் பார்வை பங்களாதேஷ், சீனா, ரஷ்யா, நேபாளம் என்று போகிறது. ஆசையில் தவறில்லை. கணக்கு அரைகுறையாக இருப்பதில்தான் ஆபத்து.

ஏஜென்சிக் காகிதமும் எங்கள் கொப்பியும்

அந்த வண்ணக் காகிதத்தில் இருந்தது ஒரே ஒரு பெருக்கல். ஆண்டுக் கட்டணம் 4,000 டொலர், ஆறு ஆண்டு, மொத்தம் 24,000 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 72 இலட்சம். பொய்க் கணக்கென்று சொல்ல முடியாது. ஆனால் அது வகுப்பறைக்குள் நுழைவதற்கான காசு மட்டுமே. பிள்ளை சாப்பிடவும் தூங்கவும் வேண்டுமே?

நாங்கள் விசாரித்து எழுதிய வரிகள் இவை. நாட்டுக்கும் நகரத்துக்கும் ஏற்ப இத்தொகைகள் மாறும். ஆகவே இதை ஓர் உதாரணமாகவே கொள்ளுங்கள். வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கல்விக் கட்டணம் 4,000 டொலர். விடுதி 600. சாப்பாடும் அன்றாடச் செலவும் மாதம் 200 வீதம் 2,400. காப்புறுதியும் விஸாப் புதுப்பித்தலும் 300. புத்தகம், உடுப்பு, தொலைபேசி 400. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்துபோக 800 டொலர் என்றால் ஆண்டுக்கு 400. கூட்டினால் ஆண்டுக்கு 8,100 டொலர். ஆறு ஆண்டுக்கு 48,600 டொலர். ரூபாவில் 1 கோடி 45 இலட்சத்து 80 ஆயிரம். ஏஜென்சி சொன்ன தொகை இதில் பாதிகூட இல்லை.

கடைக்கார நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாசத்துக்கு எவ்வளவு சேர்?" என்றார். வியாபாரியின் கேள்வி அது. மாதம் 2 இலட்சத்து 2,500 ரூபா. ஆறு வருடம், 72 மாதம், ஒரு மாதமும் தவறாமல்.

இதே தொகையைத் தோட்டத்து வீடொன்றில் வைத்துப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் தாயும் தகப்பனும் மாதம் 25 நாள் வீதம் வேலைக்குப் போனால் இருவருக்கும் சேர்த்து 67,500 ரூபா. சேமலாப நிதிக் கழிவுக்கு முன்னர். மருத்துவப் படிப்பின் மாதச் செலவு அதன் மூன்று மடங்கு. அதன் பிறகு நாட்சம்பளம் கூடினாலும் இடைவெளி மூடப்போவதில்லை. லயத்துப் பிள்ளைக்கு இந்தப் பாதையைக் காட்டும் எவரும் முதலில் இந்த எண்ணைச் சொல்லவேண்டும்.

டொலர் ஏறும் நாள்

2019இல் போன மாணவனைக் கவிழ்த்தது கட்டண உயர்வு அல்ல. கல்லூரி ஒரு டொலர்கூடக் கூட்டவில்லை. நமது ரூபாதான் விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபாவுக்குள் இருந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி நாணய மாற்று விகிதத்தைத் தளர்த்தியது. மே மாத நடுப்பகுதியில் அது ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. நம் உதாரணத்தின் 8,100 டொலரைப் போட்டுப் பாருங்கள். 203இல் அது 16 இலட்சத்து 44 ஆயிரம். 360இல் 29 இலட்சத்து 16 ஆயிரம். சில வாரங்களுக்குள் ஓராண்டுச் செலவு 12 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் கூடிவிட்டது. அதற்கும் மேலாக, ரூபா கையில் இருந்தபோதும் வங்கியில் டொலர் கிடைக்காத நாட்கள் அவை.

பின்னர் ரூபா சற்று மீண்டு, 2024 முடிவில் டொலர் 300க்குக் கீழே வந்தது. ஆனால் கடையிலும் கொழுந்திலும் கிடைப்பது ரூபா, செலவாவது டொலர் என்ற நிலைமை மாறவில்லை. இதற்கு நான் சொல்லக்கூடிய வழிகள் மூன்று. முதலாவது, இன்றைய விலையில் ஒரு கணக்கும், டொலர் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் என்ன என்று இன்னொரு கணக்கும் எழுதுங்கள். இரண்டாவது கணக்கிலும் தாக்குப்பிடிக்க முடியுமென்றால்தான் புறப்படலாம். இரண்டாவது, மொத்தத்தில் 20 வீதம் கைக்காவலாக வையுங்கள். நம் உதாரணத்தில் அது 9,720 டொலர். அதையும் சேர்த்தால் ரூபாவில் 1 கோடி 75 இலட்சம் அளவில் வரும். மூன்றாவது, மத்திய கிழக்கிலோ வேறெங்கோ உழைக்கும் சகோதரர் உதவுவதாகச் சொன்னால், "பாத்துக்குவம்" என்ற சொல்லோடு விடாமல், எந்த மாதத்தில் எவ்வளவு டொலர் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் நிலைமையும் செலவுதான்

கணக்கில் எழுத முடியாத செலவுகளும் உண்டு. 2020இல் கொரோனா பரவியபோது ஊர் வந்த மாணவர்களால் சீனாவுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் திரும்ப முடியவில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று படிக்கவேண்டியதைக் கணினித் திரையில் பார்த்தார்கள். 2022 பெப்ரவரியில் உக்ரேனில் போர் தொடங்கியதும் இந்திய மருத்துவ மாணவர் ஆயிரக்கணக்கில் பாதிப் படிப்போடு வெளியேறினார்கள். 2024 ஜூலையில் பங்களாதேஷில் எழுந்த கிளர்ச்சியின்போது வெளிநாட்டு மாணவர் பலர் அவசரமாக ஊர் திரும்பினார்கள். இவற்றை முன்கூட்டி எவராலும் சொல்ல முடியாது. அவசரத்துக்கு ஒரு விமானச் சீட்டுக் காசும், ஓராண்டு பிந்தினால் தாங்கும் பலமும் வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம். ஒரு பாடம் தவறி அதே ஆண்டைத் திரும்பப் படித்தாலும் இதே 8,100 டொலர்தான்.

மொழியையும் விசாரியுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். வார்டில் இருக்கும் நோயாளி ரஷ்ய மொழியோ சீன மொழியோ வங்காளமோதான் பேசுவார். அந்த மொழி வராவிட்டால் நான்காம் ஆண்டில் பிள்ளை தடுமாறும். மொழி வகுப்புக்குத் தனிக் காசா என்று கேட்பது அநாகரிகமல்ல.

முதல் காசு கட்டுமுன்

ஏஜென்சிக்கு முற்பணம் கொடுக்குமுன் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. இலங்கை மருத்துவ சபையிடம் கேட்டுத் தெளிவதுதான் அது. நாம் போகும் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைச் சபை ஏற்கிறதா? நமது பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபையின் தகைமைக்குப் போதுமா? 2018இல் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் ஆகக்குறைந்தது இரண்டு சீயும் ஒரு எஸ்ஸும் வேண்டுமென்றன. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே ஏஜென்சிக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல், சபையிலிருந்தே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போனவர் ஆறு ஆண்டு படித்து வந்தும் இங்கே பரீட்சை வாசலில் நிற்கவேண்டி வரலாம்.

ஏஜென்சியிடமும் கேள்விகளை எழுத்தில் கேட்கவேண்டும். கட்டணம் ஆண்டுதோறும் கூடுமா? விடுதிக் காசு சேர்ந்ததா, தனியா? விஸா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும்? பணம் கட்டுவது ஏஜென்சியின் கணக்குக்கா, பல்கலைக்கழகத்தின் கணக்குக்கா? நாங்கள் அன்று பதினொரு கேள்வி எழுதினோம். கடைக்கார நானா அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வந்தது இரண்டுக்கு மட்டும். மற்ற ஒன்பதுக்கும், "அதெல்லாம் பிரச்சினயில்ல, போன்ல பேசுவம்" என்றார்களாம்.

இந்தியாவுக்குப் போக எண்ணுவோர் ஒன்று அறியவேண்டும். அங்கே வெளிநாட்டு மாணவரும் நீட் தேர்வில் தகுதி பெறவேண்டும். இந்திய அரசின் வழமையான புலமைப்பரிசில்களில் எம்.பி.பி.எஸ். படிப்பு அடங்குவதில்லை. பங்களாதேஷின் அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாட்டு மாணவருக்கென ஒதுக்கிய இடங்கள் உண்டு. அவற்றுக்கு அரசு வழியாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். அறிவித்தல் வரும் காலத்தைப் பார்த்திருக்கவேண்டும். போட்டி கடுமை. ஆனால் கிடைத்தால் தனியார் கல்லூரியின் செலவோடு ஒப்பிடவே முடியாது.

பட்டத்துக்குப் பின்னும் கணக்கு உண்டு

பலரும் கொப்பியை மூடும் இடம் பட்டமளிப்பு விழா. அங்கே மூடக்கூடாது. வெளிநாட்டுப் பட்டதாரி இங்கே மருத்துவராகப் பதிவு பெற ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடையவேண்டும். முன்பு "அக்ட் சிக்ஸ்டீன்" என்று பேசப்பட்டதும் இதுதான். பல பகுதிகளைக் கொண்ட பரீட்சை. எல்லோரும் முதல் தடவையிலேயே கடந்துவிடுவதில்லை. அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. நியமனம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். பரீட்சைக்கு ஆயத்தமாகக் கொழும்பிலோ கண்டியிலோ போடிங் எடுத்து மாதம் 50,000 ரூபா செலவழித்தால், ஒன்றரை ஆண்டுக்கு 9 இலட்சம். அந்த நாட்களில் பிள்ளைக்கு வருமானம் இல்லை. வயது இருபத்தாறு, இருபத்தேழு. பெண்பிள்ளையென்றால் கலியாணப் பேச்சும் அதே நேரத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பட்டம் பெற்றவுடன் கடனைக் கட்டத் தொடங்கலாம் என்று எழுதிய கணக்கு பிழைப்பது இங்கேதான். பிள்ளை நோயாளிக்கு மருந்து எழுதிக் கையொப்பமிடும் நாள்வரை கணக்கு நீளவேண்டும். ஆறு ஆண்டு என்பதை எட்டு என்று எழுதுங்கள்.

காசு வரும் வழி

இனி உறுதிக்கு வருவோம். ஒரு கோடி ரூபாவை ஆண்டுக்கு 14 வீத வட்டிக்கு எடுத்ததாக வைத்தால், வட்டி மட்டும் ஆண்டுக்கு 14 இலட்சம். மாதம் ஒரு இலட்சத்துப் பதினாறாயிரத்துக்கு மேல். முதல் அப்படியே இருக்கும். பிள்ளை முதலாம் ஆண்டில் உடலமைப்பியல் படிக்கும்போதே தவணை தொடங்கிவிடும். வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பதை இந்த ஏட்டின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் "புள்ளைட படிப்புக்குத்தானே" என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு கையெழுத்திட்டவர்களை நான் அறிவேன். வட்டியில்லா முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் நம் நாட்டில் தொடங்கியது. அதுபோன்ற வழிகள் உள்ளன. வட்டி இல்லை என்பதால் தவணையும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எந்த வழியில் போனாலும் மாத வருமானம் அந்தத் தவணையைத் தாங்கவேண்டும்.

நகையை விற்பது, அடகு வைப்பதைவிட மேல் என்பது என் எண்ணம். விற்றால் ஒருநாள் வருத்தம். அடகில் ஆண்டுக்கணக்காக வட்டி. ஸகாத்தைப் பொறுத்தவரை, அது பெறத் தகுதியானோர் யாரென்பது குர்ஆனில் (9:60) வரையறுக்கப்பட்டது. வறிய மாணவருக்குக் கல்விக்காகக் கொடுக்கலாமா, எந்த நிலையில் என்பதை ஆலிம்களிடம் கேட்டு நடக்கவேண்டும். கடையும் காணியும் உள்ள தகப்பன் அதைக் கேட்பது முறையாகாது. அவருக்குப் பொருந்துவது உறவினரும் ஊரவரும் தரும் வட்டியில்லாக் கடன். அப்படி வாங்கும்போது மச்சான்தானே, சாச்சாதானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையையோ நோன்பையோ பற்றியது அல்ல. கடனைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்வது பற்றியது. எத்தனை உறவுகள் எழுதாத கடனால் அறுந்தன என்பதை நம் ஊர்களில் கேட்டால் தெரியும்.

இன்னொரு வரியை அன்று அந்தப் பிள்ளையே எழுதச் சொன்னது. "தம்பி ஒன்பதாம் வகுப்பு சேர். அவனுக்கும் ஏதாவது வைக்கணுமே" என்றாள். அதுவரை நானும் தகப்பனும் அதை நினைக்கவில்லை. ஒரு பிள்ளைக்காக முழு உறுதியையும் வைத்தால் மற்றப் பிள்ளையின் பங்கும் அதற்குள் போகிறது. கணக்கில் அவனுக்கும் ஒரு வரி வேண்டும்.

1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தபோது அவர் முன் நின்ற கேள்வியும் இதுதான்: திறமையிருந்தும் காசில்லாத பிள்ளை எப்படிப் பல்கலைக்கழகம் போவது? தனித்தனிக் குடும்பங்கள் உறுதியை வைத்துத் தேடிய விடையை ஒரு சமூகம் சேர்ந்து தேடலாம் என்று அவர் காட்டினார். மலையகத்தில் சிதறி வாழும் நாம் பெரிய நிதி சேர்ப்போமோ தெரியாது. ஆனால் ஒவ்வொரு டவுனிலும் ஓர் ஆசிரியர், வங்கிக் கணக்குத் தெரிந்த ஒருவர், வெளிநாட்டில் படித்துவந்த ஒரு மருத்துவர் என மூவர் உட்கார்ந்து, புறப்பட எண்ணும் குடும்பத்தோடு ஒரு மாலை கணக்குப் பார்க்கலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை.

வேறு கதவுகள்

உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். முதல் தடவையில் சிறிது தவறியவர் இரண்டாம் தடவையில் பெறுவது புதிதல்ல. ஓராண்டு வீணென்று சொல்வார்கள். அந்த ஓராண்டுக்கான வகுப்புக் காசையும் ஒன்றரைக் கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பேராதனையில் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் இருக்கிறது. தாதியியல், இயன்மருத்துவம், மருந்தகவியல், கதிர்ப்படவியல் அங்கே உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி மருத்துவமும், யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவமும் இருக்கின்றன. இவையெல்லாம் கட்டணமின்றிக் கிடைப்பவை. நோயாளிக்குப் பணி செய்யும் நிய்யத்து உள்ள பிள்ளைக்கு இவை குறைந்தவை அல்ல.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் எனக்கு உண்டு. தோட்டப் பக்கத்துப் பிள்ளைக்கு "உனக்கு ஏன் இந்தப் பெரிய ஆசை" என்று சொல்லும் வாய்கள் ஏராளம். என் கொப்பியும் அந்த வாய்களோடு சேர்ந்துவிடக் கூடாது. வசதியுள்ளவர், டொலரில் உழைக்கும் உறவுள்ளவர், அரசு ஒதுக்கிய இடம் பெற்றவர் தாராளமாகப் போகட்டும். அப்படிப் போய்ப் படித்து வந்து நம் வைத்தியசாலைகளில் சிறப்பாகப் பணிபுரிவோர் இருக்கிறார்கள். முழுத் தொகையையும் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அன்றிரவு கணக்கு முடிய இஷா நேரம் கடந்துவிட்டது. தகப்பன் கொப்பியின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "கடைய வித்தாலும் பாதிதான் சேர் வரும்" என்றார். மகள்தான் கடைசியாகப் பேசினாள். "இன்னொருக்கா எழுதுறன் வாப்பா. பாப்பம்."

அவர்கள் உறுதியைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்கள். பிள்ளை இப்போது இரண்டாம் தடவைக்குப் படிக்கிறாள். இம்முறை கிடைக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். 2019இல் போன மாணவனையும் நான் அடிக்கடி காண்கிறேன். தலவாக்கலையில் வேலை செய்கிறான். போன மாதம் அவனைக் கண்டபோது அந்தக் கொப்பியைக் காட்டினேன். நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "விடுதியில ஹீட்டருக்குத் தனிக்காசு சேர். அதையும் எழுதிக்கோங்க" என்றான். எழுதிக்கொண்டேன்.